கோபமில்லாத முடி

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இப்போது சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு கற்றை முடி கேட்கின்றன. பட்ட கோபம், அழுத அழுகை எல்லாம் மாதவாரியாக அதில் தெரிந்துவிடும்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் வசுமதி அழகு நிலையத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் ஜெசிந்தா அவள் பின்னலை அவிழ்த்து, முடியைப் படிக்கும் கருவியை ஓட்டினாள்.

"என்னக்கா, தோளுக்குக் கீழ ஒரே கொதிப்பா இருக்கு?"

"டைவர்ஸ் கேஸ் நடந்தப்போ வளர்ந்தது. வெட்டிடு ஜெசி. இந்த வேலை கிடைச்சாத்தான் பாப்பா என்கிட்ட இருப்பா."

"குட்டை முடியோட போனா எதையோ மறைக்கிறீங்கன்னு நினைப்பாங்க. வெட்டின இடத்துல சவுரி சேர்த்துடறேன். லைப்ரரியன் ஒருத்தங்க முடி வந்திருக்கு. நாலு வருஷமா கோபமே இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தரும் வரல போல."

சேர்த்த இடம் தெரியவில்லை. "நாளைக்கு வரைக்கும் எண்ணெய் வைக்காதீங்க, அழாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள் ஜெசிந்தா.

மறுவாரம் கடிதம் வந்தது. முடியில் எந்தச் சந்தேகமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆனால், நான்கு ஆண்டுகளில் ஒரு நெருக்கடியைக்கூடச் சந்திக்காத ஒருவரை வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் அமர்த்த இயலாது என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.