பறங்கி ராணியின் சட்டை

"எழுதின அளவுக்கே தைக்கிறன். மேடையில வெடிச்சுதெண்டா வெடிக்கட்டும்!" என்று மக்டலின் கத்தரிக்கோலைச் சிவப்பு வெல்வெட்டுக்குள் விட்டாள்.

இடுப்பு முப்பத்திரண்டாம்! போன திருநாள் கூத்தில் அவள் புருஷன் வின்சன்ட் ராணி வேஷம் கட்டி வந்தபோது, "ராணிக்கு எத்தினை மாசம்?" என்று விடத்தல்தீவிலிருந்து வந்த இளந்தாரிகள் கூக்காட்டினார்கள். இந்த முறை மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறான் போல.

கோபம் அந்த இடுப்பளவோடு நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷமாய் அவன் கட்டும் பறங்கி ராணிக்கு அவள்தான் அளவெடுத்து உடுப்புத் தைத்தாள். இம்முறையோ, கடலுக்குப் போகவேண்டும், நின்று அளவு கொடுக்க நேரமில்லை என்று அளவுகள் எழுதின ஒரு கடதாசித் துண்டை நீட்டிவிட்டான்.

துண்டிலிருந்தது மன்னார் பசாரில் தையல்கடை வைத்திருக்கும் நூர்ஜஹானின் எழுத்து. மக்டலினே தன் நல்ல சட்டைகளை நூர்ஜஹானிடம்தான் கொடுப்பாள். தன் உடம்புக்குத் தானே நாடா பிடிக்க எந்தத் தையல்காரியால் முடியும்? அங்கே போய் நின்றிருக்கிறான் இந்த மனுஷன். கட்டின மனைவியின் கை மட்டும் படக்கூடாதாம்.

"ஜெனிஸ்ரா, வலது தோள் அரை இஞ்சி இறக்கமெண்டு கிடக்குது. சரியோவெண்டு கொப்பரிட்டக் கேள்."

வின்சன்ட் எட்டித் தொடும் தூரத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். "சரியெண்டு சொல்லு. பழைய சட்டையைக் கிழிச்சு உள்துணிக்கு வைக்கவும் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் இடையில நான் என்ன ரெலிபோன் கம்பியோ?" என்று மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

வலை இழுத்து இறங்கின தோளாக்கும் என்று மக்டலின் பல்லைக் கடித்தாள். பழைய சட்டையை அவள் கிழித்த சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

ஒரு மாதமாய் வீட்டில் இதுதான் பேச்சுவார்த்தை. கோயில் மண்டபத்தில் கூத்துக்கு ஆள் பிரித்த அன்று அவள் எழுந்து நின்று கேட்டாள்: "இந்த முறை ராணியை நான் ஆடட்டே? போன வருசம் இவர் பாட்டை மறந்துபோய் நிக்க, திரைக்குப் பின்னால நிண்டு முழுக்கப் பாடினது நான்தானே?"

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சின்னராசா, வின்சன்டின் தமையன். அவர் வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நீ மேடையேறினா நாங்கள் என்ன, மீன் வெட்டுறதோ?"

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வரும் வழியிலேயே காய்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வின்சன்ட் வாயைத் திறக்காமல் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதுதான் காயவில்லை. தைக்கத் தைக்க ஊறிக்கொண்டே இருந்தது.

தூண்டில் நரம்பான தங்கூசியைக் கோத்துக் கழுத்து மடிப்பை விறைப்பாக்கும்போது, கழுத்தையும் சேர்த்து ஒரு இறுக்கு இறுக்கினால் என்ன என்றுகூட நினைத்தாள். ஆனாலும் கையுறை, விசிறி, முத்து வைத்த சுருக்குப்பை என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. இவ்வளவு எரிச்சலிலும் தையல் இத்தனை நேராய் விழுகிறதே என்று அவளுக்குத் தன் கைகள் மேலும் ஆத்திரம் வந்தது.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், உடுப்போடு ஆடிப் பார்க்க எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள். வின்சன்ட் சட்டைக்குள் தலையை விட்டான். அது தோளோடு நின்றுவிட்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

"சுறாவைப் போய்ச் சூடைமீன் பெட்டிக்க அடைக்கிறியளே!" என்று யாரோ கத்த, மண்டபம் மறுபடி சிரித்தது. சின்னராசா சிரிக்கவில்லை.

"இந்தக் கீரி ஊர் முழுக்க உடுப்புத் தைக்கிறவள் நீ. கட்டின புருசன்ர அளவு தெரியாதோ உனக்கு? நாளைக்கு ராணி சாரத்தோடயோ வாறது? அந்தப் பழசை எடு!"

"பழசைக் கிழிச்சாச்சு, அத்தான்."

"வேணுமெண்டு செய்திருக்கிறா. கேட்டது கிடைக்கேல்லையெல்லே, அந்த வன்மம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மக்டலினுக்கு உச்சி எரிந்தது. அவன் மேல் எத்தனை கோபமென்றாலும் துணியில் அதைக் காட்டுகிறவளா அவள்? வின்சன்டின் தலையிலிருந்து சட்டையைப் பறித்தெடுத்து மேசையில் விரித்தாள். எல்லாருக்கும் முன்னால் நாடாவைப் பிடித்து அளந்தாள். மார்பு, இடுப்பு, கை, அந்த அரை இஞ்சி இறக்கம்.

"துண்டோட ஒத்துப் பாருங்கோ அத்தான். நூலளவு பிழை கண்டாலும் நான் மெஷினை வித்துப்போட்டுப் போறன். தைச்ச ஆளில பிழையில்லை, அளவு குடுத்த ஆளிலதான் பிழை. கேளுங்கோ உங்கட தம்பியை!"

சின்னராசா துண்டை வாங்கி ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. துண்டைத் தம்பியின் மூக்குக்கு முன்னால் ஆட்டினார்.

"எடேய், இது ஆரின்ர அளவடா?"

வின்சன்ட் வியர்வையைத் துடைத்து, மக்டலினைக் கைகாட்டிக்கொண்டு தமையனின் முகத்தை நேரே பார்த்தான்.

"இவவின்ர அளவு, அண்ணை."