சிலை அக்கா

"ஏன்டி, உன் சிலைக்கு மூக்குகூட அரிக்காதா?" என்று கேட்டான் கணவன், அவள் தோளுக்குப் பின்னால் நின்று மடிக்கணினியை எட்டிப் பார்த்தபடி.

"அய்யோ, அந்தப் பக்கம் போங்க! கேமராவில தெரியுறீங்க."

"பேசறதுதான் அவங்களுக்குக் கேட்காதே! ஒரு மணி நேரமா பார்க்கிறேன். ஆடவும் இல்ல, அசையவும் இல்ல. நிஜ ஆளுதானா, இல்ல போட்டோவா?"

"பக்கம் புரட்டினாங்களே, பார்க்கலையா? உங்களை மாதிரி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரிட்ஜைத் திறந்து பார்க்கிற ஆளுன்னு நெனச்சீங்களா? போங்க, எனக்கு வேலை கெடுது."

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான்.

வேலை என்றால் சாதாரண வேலை இல்லை. ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஆய்வேடு. மூன்று மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் கடிதம் போட்டுவிட்டது. பதிவு போனால் கல்லூரி வேலையும் போச்சு. ஆனால் இந்தப் புண்ணியவதி என்ன செய்வாள்? காலையில் மேசை முன் உட்கார்ந்து, "ஒரே ஒரு நிமிஷம்" என்று போனை எடுப்பாள். யார் வீட்டுப் பூனையோ குட்டி போட்டிருக்கும். யாரோ ஒருத்தி சமையலறை அலமாரியை அடுக்கிக் காட்டுவாள். நிமிர்ந்து பார்த்தால் மணி பன்னிரண்டு!

போனை பீரோவில் வைத்துப் பூட்டிப் பார்த்தாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்ததால் அது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கணவனிடம் கொடுத்து வைத்தாள். அவன் உட்கார்ந்து அதே பூனையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம்தான் ஒரு தோழி ஓர் இணையக் குழுவைப் பற்றிச் சொன்னாள். முன்பின் தெரியாத இரண்டு பேர், கேமராவைப் போட்டுக்கொண்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். பேச்சுக் கிடையாது. எழுந்து போனால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அதில் வாய்த்தவர்தான் சிலை அக்கா. பெயரெல்லாம் இவர்கள் வைத்ததுதான். ஐம்பது வயது இருக்கும். முகமும் தோளும் மட்டும் தெரியும், பின்னால் வெளிறிய சுவர், முன்னால் ஒரு புத்தகம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. அந்த நாலு மணி நேரமும் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்.

அதைப் பார்த்துப் பார்த்தே இவளுக்கு வெட்கமாகிவிட்டது. வயசில் பெரியவங்களே இப்படி உட்கார்ந்திருக்கும்போது நமக்கு என்ன கேடு என்று, போனைப் பக்கத்து அறையில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவாள்.

பதினொரு மணிக்குத் திரையில் ஒரே ஒரு வரி வரும்.

"புதன்கிழமை வருவீங்கல்ல?"

ஒருநாள் தலைவலி என்று இவள் படுத்துவிட்டாள். ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு டொக்கென்று செய்தி வந்தது: "இன்னிக்கு வரலையா?"

"வாத்தியாரம்மா பிரம்போட நிக்கிறாங்க, எழுந்திரு எழுந்திரு!" என்று கணவன் போர்வையை உருவினான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்த நாலாவது அத்தியாயம் அன்றைக்குத்தான் முடிந்தது.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழாதடி, அதான் ஜெயிச்சுட்டியே!"

"நான் எங்கங்க ஜெயிச்சேன்? அந்த அக்கா இல்லேன்னா நான் இன்னும் பூனை பார்த்துக்கிட்டிருப்பேன். அவங்களை நேர்ல பார்த்து ஒரு நன்றி சொன்னாத்தான் என் மனசு ஆறும்."

எழுதிக் கேட்டாள். பதில் வர ஒரு நாள் ஆயிற்று.

"புதன் காலை எட்டு மணிக்கு வாங்க. அந்த நேரத்துல நான் எங்கேயும் போக மாட்டேன்." கீழே தெருப் பெயரும் கதவு எண்ணும், மூன்றாவது மாடி என்ற குறிப்பும்.

"பார்த்தீங்களா, அப்பவும் வேலை நேரத்தை விட மாட்டாங்களாம்!" என்றாள் பெருமையாக.

"ரொம்ப நேரம் இருந்துடாதே. விரட்டிடப் போறாங்க" என்றான் அவன்.

புதன்கிழமை ஒரு கூடை பழத்தோடு போய் இறங்கியவள், கட்டடத்தைப் பார்த்ததும் முகவரி தப்போ என்று இரண்டு தடவை சரிபார்த்தாள். தப்பில்லை. மூன்றாவது மாடியில் ஒரு நர்ஸ் அவளைச் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவச் சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். கடைசி நாற்காலியில் சிலை அக்கா கண்மூடிச் சாய்ந்திருந்தார். கேமராவில் ஒருநாளும் தெரியாத அவருடைய இடது கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாகப் பக்கத்து எந்திரத்துக்குள் போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அந்த எழுதற பொண்ணு நீங்கதானா?" என்றாள் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. "முன்னெல்லாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டாங்கம்மா, 'செத்தாலும் பரவாயில்ல, கழட்டி விடுங்க'ன்னு பாதியிலேயே போயிடுவாங்க. இந்த மூணு மாசமா ஒருநாள்கூட அப்படிப் போகல. கேட்டா, 'அந்தப் பொண்ணு எழுந்திருக்காம எழுதிக்கிட்டிருக்கு, நான் மட்டும் எப்படி எழுந்து போறது'ங்கிறாங்க."