வாழ்த்துக்கு எல்லா அனுமதியும்

இணையக் கிளவுடிலிருந்து கட்டளை வந்தால்தான் இதயத்தை இயக்க நெஞ்சுக்குள் வைத்த கருவி துடிக்கும் என்பது கோவையில் யாருக்கும் புதுமையாகத் தெரியாத காலம். சுகந்தியின் அப்பாவுக்கும் அந்தக் கருவிதான். அந்தக் கட்டளைகளை எழுதும் கம்பெனியில் அவள் டீம் லீடர்.

நோயாளிகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பவும் அங்கே ஒரு குட்டி நிரல் உண்டு. வேளை வந்தால் விழித்து, வாழ்த்தை அனுப்பிவிட்டு மறைந்துபோகும். பெயரையும் பிறந்த தேதியையும் பார்க்கும் அனுமதி அதற்குப் போதும்; கருவிகளைத் தொடத் தேவையே இல்லை. ஆனால் அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு, "இப்போதைக்கு எல்லாத்தையும் தொறந்து விட்ரு, அப்பறம் கொறச்சுக்கலாம்" என்று போன வருஷம் சொன்னவள் சுகந்திதான். வாழ்த்துச் சொல்வதால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

இன்று காலை, அவளிடம் வேலை பார்க்கும் ரியாஸ் முகம் வெளிறி வந்து நின்றான்.

"அக்கா, எவனோ வாழ்த்து நிரலுக்குள்ள பூந்துட்டான். வாழ்த்து போன கையோட, அத வாங்குனவங்க நெஞ்சுக் கருவியையும் நிறுத்திருது."

"மொதல்ல அத முடக்கு."

"முடக்கிட்டேன்க்கா. ஆனா இன்னைக்குப் பொறந்தநாள்காரங்களுக்கு எல்லாம் போயிருச்சு."

அவள் போன் அடித்தது. அம்மா.

"கண்ணு, உங்க கம்பெனி வாழ்த்து வந்துச்சு. எம்பொண்ணு அனுப்புனதுன்னு அப்பாவுக்கு அத்தன சிரிப்பு. இப்ப சோபாவுலயே தூங்கிட்டாரு. பாயசம் ஆறுது, எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்கறாரு. போனக் காதுல வெக்கறேன், நீயே ஒரு வாழ்த்துச் சொல்லி எழுப்பு."