அட்டோமியத்தின் உச்சியில்

உலகக் கண்காட்சிக்காக எஃகு உருண்டைகளைக் கோத்துக் கட்டப்பட்டு, அது முடிந்தும் நிலைத்துவிட்ட அட்டோமியக் கோபுரத்தின் உச்சி உருண்டைக்குள் பிரஸ்ஸல்ஸின் மெல்லிய வெயில் சாய்ந்து விழுகிறது. ஜன்னலோரம் காத்திருக்கும் காஸ்தோனிடம், பாரிஸில் தாயிடம் வளர்ந்த அவர் மகள் மயேல் லிஃப்டிலிருந்து இறங்கி வருகிறாள். அவள் சிறுமியாக இருந்தபோது அவர் கடைசியாகப் பார்த்தது. பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் வந்திருக்கிறாள். இந்த ஊர் வழக்கப்படி ஒரே முத்தம் கொடுத்துவிட்டு அவர் விலகுகிறார். அவளுடைய மறுகன்னம் நீட்டியபடியே நிற்கிறது. வெளியே காற்று எஃகில் உரசி முனகுகிறது. “எங்க ஊர்ல ரெண்டுப்பா. நீங்க எல்லாருமே இப்படிக் கஞ்சமா?” அவர் பதறிக் குனிகிறார், முத்தம் தவறிக் காதில் பதிகிறது. “ஐயோ, மீசை கூசுது!” சிரித்தபடி அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். “உங்க வீடு எங்க? காட்டுங்க.” கண்ணாடியில் அவருடைய விரல் கூரை கூரையாகத் தேடுகிறது.