முனைக்கடையை எடுத்துக்கோ!

"தலையில கட்டோட படுத்திருக்கிறவர்கிட்ட வந்து கடையைக் கேக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

இரும்புக்கடைக்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பெயிண்ட் கடைக்காரர் நிற்கவில்லை. "நான் கேட்டேன், அவன் சரின்னான். வழியை விடு தங்கச்சி!"

லாரியிலிருந்து கம்பி இறக்கும்போது தவறி விழுந்தவர் இரும்புக்கடைக்காரர். மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள்.

"இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமான்னு இப்பவே சொல்ல முடியாதும்மா. பேச்சு, நடவடிக்கை எதுல மாறுதல் தெரிஞ்சாலும் உடனே சொல்லுங்க" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

ஆனால் ஆள் தேறித்தான் வந்தார். நேற்று ஊசி போட வந்த நர்ஸோடு மல்லுக்கு நின்றவர், இன்று யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அடிபட்டாலும் பட்டார், மனுஷன் தங்கமாயிட்டார்!" என்று பார்க்க வந்த சொந்தமெல்லாம் மெச்சியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்ட் கடைக்காரர் நுழைந்தார்.

இரும்புக்கடைக்காரரின் முனைக்கடைக்காக இருவருக்கும் பல வருஷப் பகை. 'செத்தாலும் உனக்குக் குடுக்க மாட்டேன்' என்று நடுத்தெருவில் சட்டையைப் பிடித்ததுகூட உண்டு. இன்று பெயிண்ட் கடைக்காரர் கூசாமல் ஓர் அடிமாட்டு விலை சொன்னார்.

"சரிப்பா, எடுத்துக்கோ" என்றார் படுத்திருந்தவர்.

அவ்வளவுதான். அடித்துப் பிடித்து டாக்டர் அறைக்கு ஓடினார் பெயிண்ட் கடைக்காரர்.

"சாட்சிக்கு டாக்டரைப் பிடிக்க ஓடறான் பாரு!" துரத்திக்கொண்டு போனவளின் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த நிமிஷம் டாக்டரம்மாவே வெளியே ஓடிவந்தார். இரும்புக்கடைக்காரரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"மறுபடியும் ரத்தம் கட்டுதும்மா. இப்பவே திறந்தாகணும்."

மனைவி கையெழுத்துப் போட்டாள். எதிர் பெஞ்சில் பெயிண்ட் கடைக்காரர்.

"அதான் வந்த காரியம் முடிஞ்சுதே, இன்னும் யார் உயிரை வாங்க உக்காந்திருக்கே?"

அவர் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தியேட்டர் கதவு திறந்தது. மாஸ்க்கைக் கழற்றிய டாக்டரம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சாச்சும்மா! கொஞ்சம் தாமதமாகியிருந்தா ஆளே கிடைச்சிருக்க மாட்டார்."

"தெய்வம் மாதிரி கண்டுபிடிச்சீங்க டாக்டரம்மா!"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? நீங்க எல்லாரும் 'சாந்தமாயிட்டார், தேறிட்டார்'னுதானே சொன்னீங்க? இதோ இருக்காரே, இவர்தான் என் மேஜையைக் குத்திச் சத்தம் போட்டார். 'அவனுக்குக் கோபத்தைக் கிளப்பிவிடத்தான் அந்த விலையே சொன்னேன் டாக்டர். செருப்பைக் கழற்ற வேண்டியவன் சரிங்கறான்! உள்ளே ஏதோ கெட்டுப்போச்சு, ஓடி வந்து அவனைக் காப்பாத்துங்க!'"