சுளுக்கு வழித்த கை

“ரெட்டப் புள்ள பெத்த வூடு இதுதானுங்களே?”

படலைத் திறக்காமல் வெளியிலிருந்தே கேட்டாள் அந்தப் பெண். அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. ஆளைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

உள்ளே பாயில் கிடந்த செங்கமலம் எழுந்து உட்கார்ந்தாள்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் அம்மாக்கண்ணு முறத்தைக் கீழே வைத்தாள். “இங்க ஒரு புள்ளதான் பொறந்துச்சு. நீங்க வூடு மாறி வந்துட்டீங்க.”

“மருத்துவச்சி பொன்னாயிதாங்க அடையாளம் சொன்னாங்க. தா.பழூர்லேருந்து நடந்தே வரேன். பஸ்ஸுல குலுங்குனா உசுரு போவுது.”

இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் வழித்துவிட்டால் எந்தச் சுளுக்கும் விட்டுவிடும். அந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும். அம்மாக்கண்ணுவுக்கும் தெரியும்.

செங்கமலத்துக்கு இரண்டு என்று இன்னொருவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

பிள்ளை பிறந்த அன்று இரண்டு அழுகை அவள் காதில் விழுந்தது. முதலாவது வீடே அதிரும்படி இருந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இருக்கிறதா இல்லையா என்று மெல்லியதாக. அதோடு நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு பையன் கிடந்தான்.

“உனக்கு ஜன்னி கண்டிருந்துச்சு” என்று சொல்லிவிட்டார்கள். வயிறு அவ்வளவு பெரிதாக இருந்ததே என்று கேட்டால், தண்ணீர் கோத்திருந்தது என்றார்கள். புருஷன் அழகேசனிடம் கேட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவான். பிரசவம் பார்த்த பொன்னாயி அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

இத்தனைக்கும் அம்மாக்கண்ணு கெட்டவள் இல்லை. தன் இடுப்புப் பிடிப்பையும் பொறுத்துக்கொண்டு தினமும் வெந்நீர் சுமந்தாள். மருமகளுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, வயிற்றை அமுக்கி நீர் ஊற்றி, பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்.

செங்கமலத்தின் குழப்பமே அதுதான். இவ்வளவு செய்கிறவள் பொய் சொல்வாளா? அவள் சொல்வது பொய்யில்லை என்றால் தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

உடம்பு மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது. பையனை இடப்பக்கம் அணைத்துப் பால் கொடுக்கும்போது, வலது கை தன்பாட்டில் பாயைத் துழாவும். எதைத் தேடுகிறது என்று அவளுக்கே தெரியாது. பயந்துபோய்ப் பிள்ளையைத் தொடுவதையே விட்டுவிட்டாள். யாராவது தூக்கி வந்து மார்பில் வைத்தால்தான் அவனுக்குப் பால்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பேய் ஓட்டுகிற கோடங்கியிடம் கூட்டிப்போவது என்று முடிவாகியிருந்தது.

“நான் வழிச்சு வுடுறேன், வாங்க” என்று செங்கமலம் நிலைப்படியில் வந்து நின்றாள்.

அம்மாக்கண்ணு முறத்தை ஓரமாக ஒதுக்கினாள்.

வந்தவள் தரையில் உட்கார்ந்தாள். செங்கமலம் விளக்கெண்ணெயைத் தொட்டு, காதின் பின்பக்கத்திலிருந்து தோள்வரை வழித்தாள். இதற்குமுன் யாருக்கும் அவள் சுளுக்கு வழித்ததில்லை.

சுளுக்கு விட்டுவிட்டால், இரண்டு பிள்ளை. விடாவிட்டால், ஜன்னி.

தோலுக்கு அடியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது, விட்டால் பழையபடி வந்து நின்றது. விடாது போலிருக்கிறது, எல்லாரும் சொல்வதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இன்னொரு தடவை வழித்தாள்.

விரலுக்கடியில் அது கரைந்து போனது.

அந்தப் பெண் தலையை மெல்ல நிமிர்த்தினாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். “வுட்டுடுச்சுங்க!” என்று சிரித்தாள்.

சிரிப்போடு கழுத்தைத் திருப்பி வீட்டுக்குள் பார்த்தாள். தூளி ஒன்று தொங்கியது. இன்னொரு தூளியைத் தேடி மூலை முழுக்கப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணெய் வழியும் செங்கமலத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

தூளியில் பையன் அழுதான்.

யாரும் தூக்கித் தருவார்கள் என்று செங்கமலம் காத்திருக்கவில்லை. போய் எடுத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடப்பக்கம் பால் கொடுத்தாள்.

அம்மாக்கண்ணு உள்ளே வந்தாள். அங்குமிங்கும் நின்று பார்த்தாள். கடைசியில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து மருமகளின் வலப்பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“எனக்கும் இந்த இடுப்பக் கொஞ்சம் வழிச்சு வுடும்மா.”

செங்கமலம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை எண்ணெயில் தோய்த்து மாமியாரின் இடுப்பில் வைத்தாள்.

“ரெண்டாவது பொறந்தது பொண்ணாங்க, அத்தே?”

கைக்குக் கீழே முதுகு குலுங்கியது. அம்மாக்கண்ணு திரும்பவில்லை.

“ஒரு தடவதான் அழுதுச்சு, அதோட அடங்கிடுச்சு” என்றாள். “உனக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சோம்.”