அசல் மஞ்சள்

“தொப்பியைக் கழட்டு,” என்றார் நார்பர்ட்.

வெண்டல் கழற்றினான். கிழவர் போர்வையின் நுனியைப் பிடித்து, தலைமாட்டிலிருந்து மெதுவாக இறக்கினார். “பாத்துக்கோ. ஐம்பது வருஷமாச்சு, முகத்துல ஒரு சுருக்கம் இருக்கா?”

போர்வைக்குள் இருந்தது விண்ட்லேக் கம்பெனியின் தோட்ட டிராக்டர். கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் பனி தள்ளவும் வாங்குகிற குட்டி வண்டி. நார்பர்ட் மாதிரி ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ஆனால் விஸ்கான்சினின் அந்த வட்டாரத்தில் அதற்கு இருந்த மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது.

எல்லாம் அதன் மஞ்சளால் வந்த மரியாதை. கம்பெனியை மூடிப் பல காலமாகிவிட்டது. மறுபடி பெயிண்டே பார்க்காத விண்ட்லேக் இது ஒன்றுதான் என்பதால், பழைய வண்டியைப் புதுப்பிக்கிற எவனும் நார்பர்ட்டின் இந்தக் கொட்டகைக்கு வந்து, இதைப் பார்த்துத்தான் நிறம் கலந்துகொண்டு போவான். டிராக்டர் கிளப் வருஷா வருஷம் நடத்துகிற கண்காட்சிக்கு நடுவரும் நார்பர்ட்தான். முட்டைக்கரு மஞ்சள்தான் அசல் என்று அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

வெண்டல் தன் டிராக்டரின் பானெட்டைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் அடித்திருந்தது வெளிறின வெண்ணெய் மஞ்சள்.

“என்னடா இது, காமாலை வந்து தேறினவன் மாதிரி இருக்கு?”

“பெட்ரோல் டாங்கைக் கழட்டினேண்ணே. அடியில இந்தக் கலர்தான் இருந்துச்சு. வெயிலே படாத இடம், கம்பெனி அடிச்சது அப்படியே இருக்கு.”

“எவனோ மலிவா டச்சப் பண்ணியிருக்கான்.”

“டாங்குக்கு அடியில போயா?”

“முட்டாள் எங்க வேணா அடிப்பான்.”

“உங்க வண்டியிலயும் டாங்கைக் கழட்டி ஒரு தடவை பாத்துடுவோமே.”

“நல்லா ஓடுற வண்டியை எதுக்குடா கழட்டணும்?” நார்பர்ட்டுக்குக் கழுத்து வரை சிவந்தது. “இதுமேல நான் ஒரு பிரஷ் வெச்சதில்ல. மெழுகு போட்டுத் துடைக்கிறதோட சரி. வாங்கின வருஷம் மான் வேட்டைக்குப் போனேன், ஒரே ஒரு வாரம் இதைத் தனியா விட்டுட்டு. திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தா, என்னைப் பாத்த சந்தோஷத்துல பளபளன்னு நிக்குதுடா!”

வெண்டலுக்கு இந்தக் கதை மனப்பாடம். கிளப்பில் எல்லோருக்குமே மனப்பாடம்.

“சனிக்கிழமை கண்காட்சி. ஒண்ணு, இதைச் சுரண்டிட்டு என் கலரை அடி. இல்லையா, இஷ்டக் கலர் வரிசையில போய் நில்லு. கெவின் பக்கத்துல இடம் காலியா இருக்கு.”

கெவினின் டிராக்டர் ஊதா. இரண்டு பக்கமும் பெயிண்டில் தீ எரியும், முன்னால் ஒரு மண்டையோடு இளிக்கும். கெவின் தங்கமான பையன்தான். ஆனால் இரண்டு குளிர்காலம் கராஜில் விரல் விறைக்க உட்கார்ந்து, கம்பெனி மஞ்சளை இம்மி பிசகாமல் பிடித்தவனைக் கொண்டுபோய் அந்த மண்டையோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம். டிராக்டருக்காக அழுதான் என்று ஊர் சிரிக்குமே என்பதால் வெண்டல் பானெட்டைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

“மூஞ்சியைத் தொங்கப்போடாத. உள்ள வா, லவோன் ஆப்பிள் பை சுட்டிருக்கா.”

சமையலறையில் மேசையைச் சுற்றி நாற்காலிகள், எல்லாமே முட்டைக்கரு மஞ்சள். வெண்டல் பானெட்டை ஒன்றின்மேல் சாய்த்துவைத்தான். இரண்டு மஞ்சளும் ஜென்ம விரோதிகள் போல முறைத்துக்கொண்டன.

“பாத்தியா வித்தியாசத்தை?” நார்பர்ட் மனைவியைப் பெருமையாகக் காட்டினார். “இவளுக்கு நம்ம வண்டிமேல அவ்ளோ பிரியம். நாற்காலியைக்கூட அதே கலர்ல அடிச்சு வெச்சிருக்கா. எப்ப அடிச்சாளோ, நானே கவனிக்கல.”

லவோன் ஆப்பிள் பையை வெட்டினாள். முன்னறையில் போன் அடித்தது.

“கெவினாத்தான் இருக்கும். இன்னும் எங்க நெருப்பு வைக்கலாம்னு கேப்பான்,” என்று முனகிக்கொண்டே கிழவர் போனார்.

வெண்டலின் தட்டில் பெரிய துண்டாக விழுந்தது. அதன்மேல் ஒரு சீஸ் துண்டும் வந்து உட்கார்ந்தது. அவன் முள்கரண்டியைத் தொடவில்லை.

“சுரண்டப் போறியா?” என்றாள் லவோன்.

“வேற என்னக்கா செய்ய? அவர் வண்டியை வெச்சுத்தானே ஊரே அடிச்சிருக்கு.”

“சுரண்டாத.”

அவள் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். நார்பர்ட் போனில் கத்திக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

“மான் வேட்டைக்குப் போனேன்னு சொல்வாரே, அந்த வாரம் நான் கொட்டகையில காரை ரிவர்ஸ் எடுத்தேன். அவர் டிராக்டரை ஒரு பக்கம் பூராத் தேய்ச்சு எடுத்துட்டேன்.”

“ஆனா அதுல ஒரு கீறல்கூட இல்லையேக்கா!”

லவோன் தான் உட்கார்ந்திருந்த மஞ்சள் நாற்காலியின் கையைத் தட்டினாள்.

“முதல்ல அடிச்சது நாற்காலிக்குத்தான்டா. அரை டப்பா மிச்சம் இருந்துச்சு.”